பதினான்கு மாடுகளும் ஒரு பற்றரியும்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
தை 1999

அன்பு மைத்துனர் யோகலிங்கத்துக்கு,

ஊரடங்கு இல்லாத இந்தக் கிழமையில் நானும் உமது அக்கா பூரணியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். கனடாப் பனிக்குள் நீரும் குடும்பமும் அப்படியே இருக்கக் கோணேசர் துணை.

நிற்க. மகளுக்கென்று நீர் அனுப்பிய, ரீவியில் பூட்டிக் கமம் செய்து விளையாடும் மெசினைப் பற்றி எழுதாமல் இருக்க ஏலாது. மகள் கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போன பிறகு அதை அக்கா எடுத்துக்கொண்டா. இறக்கக்கண்டியில் எங்கள் காணிக்கு இராணுவம் முள்ளுக்கம்பி அடித்த நாளிலிருந்து, ரீவிக்குள் இருக்கிற காணியில்தான் எங்கள் வீட்டுக் கமம் நடக்கிறது. கல்லுப் பொறுக்கி, விதைத்து, பதினான்கு மாடு வரைக்கும் வளர்த்துவிட்டா. போன மாதம் ஒரு காலை மெசினைப் போட்டால் பயிருமில்லை, மாடுமில்லை. புதிதாகத் தொடங்கச் சொல்லி நிற்கிறது. அக்கா குசினிக்குள் போய், காணி இரண்டாந்தரமும் போய்விட்டது என்று அழுதா. வெறும் விளையாட்டுத்தானே என்று ஆறுதல் சொன்னதற்கு எனக்கு அன்று மத்தியானச் சோறு கிடைக்கவில்லை.

ஆகவே மெசினையும் விளையாட்டுக் கசெற்றையும் பையில் போட்டுக்கொண்டு, உட்துறைமுக வீதியில் ரேடியோ திருத்தும் முனாப்பிடம் போனேன். கசெற்றைப் பிளந்து பார்த்த முனாப், "உள்ளுக்க காசு மாதிரி வட்டமா ஒரு பற்றரி இருக்கு மாஸ்டர். மெசினை நிப்பாட்டினாலும் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கிறது இதுதான். செத்துப் போச்சு" என்றார்.

"செத்தது பற்றரியோ, மாடுகளோ?"

"ரெண்டும்தான்."

அந்தச் சாதிப் பற்றரி ஊரில் இல்லையாம். கசெற்றில் துளை போட்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் இழுத்து, இரண்டு ரோர்ச் பற்றரிகளை வெளியே வைத்துக் கறுப்பு ரேப்பால் கட்டிவிட்டார். மெசினுக்குள் வயது போய் வீங்கியிருந்த கொண்டென்சர்களையும் மாற்றினார். "இனி நாம மவுத்தாப் போனாலும் மாடு நிக்கும்" என்றார். நானும் சந்தோசமாகப் புறப்பட்டேன். வழியில் ஆமி பை சோதிக்கிற சென்றி இருப்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

பையைத் திறந்த ஆமிக்காரன் மெதுவாகப் பின்வாங்கினான். பஸ்கள் நின்றன, சனமெல்லாம் மண்மூட்டைக்குப் பின்னால் போனது, பையுடன் நான் மட்டும் நடுவீதியில் நின்றேன். தமிழ் தெரிந்த கப்டன் ஒருவர் தூரத்திலிருந்து கேட்டார்.

"அது என்ன?"

"ஞாபகம், ஐயா."

"யார்ட ஞாபகம்?"

"மாடுகளின்ரை."

குண்டுப் பரிசோதகர் வந்து வயர்களை ஆராய்ந்து முடியும்வரை நான் அசையவில்லை. பிறகும் கப்டனுக்குச் சந்தேகம் போகவில்லை. வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டச் சொல்லி என்னைத் தங்கள் ட்ரக்கிலேயே ஏற்றினார். ட்ரக்கைக் கண்ட அயல்வீட்டுத் தங்கரத்தினம், என்னைப் பிரேதமாகக் கொண்டு வருகிறார்கள் என்று நினைத்து, நான் இறங்குவதற்கு முன்பே ஒப்பாரி தொடங்கிவிட்டா. நான் இறங்கிய பிறகும் இடையில் நிறுத்த மனமில்லாமல் ஒரு அடி பாடி முடித்தா.

அக்கா மெசினை ரீவியில் பூட்டினா. வெறுங்காணி வந்தது. கப்டன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, "நான் கமக்காரன்ட மகன், அம்மா. முதல்ல கல்லு எடுக்கணும்" என்று தானே எடுக்கத் தொடங்கினார். தேத்தண்ணி ஆறியது. அவர் புறப்பட்டபோது படலையடியில் அக்கா மெதுவாகக் கேட்டா: "ஐயா, இறக்கக்கண்டியிலையும் எங்களுக்கொரு காணி இருக்கு."

அவர் தொப்பியைச் சரிசெய்தார். "அது என்ட கையில இல்ல, அம்மா."

இத்துடன் மெசினை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அக்காவும் ஒத்துக்கொண்டா. இனி இப்படியான சாமான் அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் தமிழ் மறவாமல் நல்லாயிருக்க எங்கள் ஆசிகள்.

அத்தான்,
இரத்தினசிங்கம்

பி.கு: தம்பி, அக்கா எழுதுகிறேன். தபாலில் போடும்படி கடிதத்தை என்னிடம் தந்துவிட்டு அத்தான் ரீவிக்கு முன்னால் இருக்கிறார். மாடு வளர்த்ததும் குசினிக்குள் அழுததும் அவர்தான். சோறு வேண்டாமென்றதும் அவரே. நான் அந்த மெசினைத் தொட்டதில்லை. அந்தக் காசுப் பற்றரி அங்கே கிடைத்தால், வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடு. இன்றைக்குத்தான் முதல் மாடு வாங்கியிருக்கிறார். உன் பெண்சாதியின் பெயரை அதற்கு வைக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், வைத்துவிட்டார்.