தம்பி வயிற்றில் அக்காவின் கிட்னி

காய்ச்சல் இல்லை. எரிச்சல் இல்லை. உகாலிக் களியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். ஆனாலும் கிமேலியின் சிறுநீரில் கிருமி இருப்பதாக ஆய்வகத் தாள் சொல்லியது.

"என் கிட்னியை என்னடா பண்ணித் தொலச்ச?" என்றாள் அக்கா ஜெரோதிச்.

"அது இப்போ என்னோடதுக்கா."

"உன் வயித்துல குடியிருக்கு, அவ்வளவுதான்."

கொடுத்தவளுக்குக் கவலை இருக்காதா? எல்டோரெட் நகரத்து மருத்துவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியனென்று விரட்டிவிடக் கூடாது. அதற்காக உடம்பின் காவலர்களை மருந்து கொடுத்து அரைத்தூக்கத்தில் வைத்திருக்கிறார்கள். திருடனுக்கு இதைவிட நல்ல நேரம் ஏது? சிறுநீர்ப்பையிலிருந்து மேலே போகும் குழாயும் இப்போது குட்டை; கிருமி சுலபமாக ஏறிவிடும். ஏறினாலும் காய்ச்சல், வலி எதுவும் ஒழுங்காகத் தெரியாது. அதனால்தான் நோயாளி சிரித்துக்கொண்டிருந்தாலும் மருத்துவர் தாளைப் பார்க்கிறார்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். கிமேலியின் வயிறு கலங்கியதுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரிக் கழிப்பறையை ஜெரோதிச் நம்பவில்லை. முதலிலிருந்தே சிறுநீரை வீட்டில்தான் குப்பியில் பிடிக்க வைத்தாள். அவர்களுடைய மலையூர் கப்சோவரின் விடியற்குளிரில் தம்பி அந்தக் குப்பியைக் கோட்டுப் பையில் போட்டு எடுத்துப்போனதுதான் தப்பு என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

"ஜில்லுன்னு போயிருக்கும்டா. கிட்னி சரியா வேலை செய்யலன்னு நெனச்சுக்குவாங்க."

அடுத்த முறை குப்பியைத் தன் சால்வைக்குள் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளே மட்டாட்டு வேனில் ஏறினாள். வண்டி ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்பிக் கிளம்பி, மலையிறங்கி எல்டோரெட் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

கிருமி இரட்டிப்பாகியிருந்தது. வேறு மாத்திரை.

"சால்வை பத்தல" என்றாள்.

மூன்றாம் முறை, கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட டீ ஃப்ளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குப்பியை அதற்குள் இறக்கினாள். மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, ஒரு வாய் டீ குடேன், பல்லு தந்தியடிக்குது" என்றான் கண்டக்டர்.

"இது உனக்கு ஒத்துக்காது தம்பி."

"சக்கரை இல்லியா?"

"இல்ல. நல்லவேளை, அதுவும் இல்ல."

தாள் வந்தபோது மருத்துவரின் முகம் வாடியது.

"இவ்வளவு கூட்டத்தை நான் பாத்ததில்ல. ஊசி மருந்து ஏத்தியே ஆகணும். கிருமி சாகும். கிட்னியும் அடி வாங்கலாம். சொல்லாம இருக்க முடியாதும்மா."

கிமேலியைப் படுக்கையில் சேர்த்தார்கள். ஜெரோதிச் பக்கத்தில் உட்கார்ந்து தன் இடுப்புத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"பத்திரமாத்தான்கா வச்சிருந்தேன்."

"தெரியும்டா. எனக்கு ஒண்ணு மிச்சம் இருக்கு. உனக்கு அது ஒண்ணுதான். அதான் கத்துறேன்."

மருந்து ஏற்றுமுன் வார்டிலேயே இன்னொரு முறை பிடித்து, நேரே கீழே ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரட்டும் என்று மருத்துவர் ஊசியை நிறுத்திவைத்தார்.

வந்தது. சுத்தம். தேடினாலும் ஒரு கிருமி இல்லை.

மருத்துவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நடுவுல வேற ஏதாவது மாத்திரை போட்டியா?"

"இல்ல டாக்டர்."

"கஷாயம்?"

"தண்ணிகூட அக்காவைக் கேட்டுத்தான் குடிக்கிறேன்."

அப்போது ஆய்வகத்து நெகேசா பூப்போட்ட ஃப்ளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். "இது யாரோடது? குப்பி உள்ள கதகதன்னு இருந்துச்சாம்."

"என்னோடதுதான். மூணு மணி நேரமா ஆறவிடாம கொண்டுவந்தேன்!" என்றாள் ஜெரோதிச் பெருமையாக.

நெகேசா ஃப்ளாஸ்க்கை அவள் மடியில் வைத்தாள்.

"உங்க தம்பிக்கு ஒண்ணும் இல்லம்மா. தோல்ல இருந்து தவறி விழுந்த நாலு கிருமியை நீங்கதான் வழியெல்லாம் சூடு காட்டி ஊரா வளத்திருக்கீங்க. இனிமே இங்க வந்து பிடிச்சு, உடனே எங்க கையில குடுங்க."