பல்பு அண்ணனும் பம்ப்பு ஜுரமும்

வலங்கைமானில் ஓடிய எந்தக் காரும் மெக்கானிக் பல்பு அண்ணனின் காதுக்குத் தப்பியதில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "பாயிண்ட்டு தேஞ்சுபோச்சு, இல்லாட்டி பம்ப்பு படுத்துருச்சு" என்று டீக்கடையில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாதி தீர்ப்பு பலிக்கும். மீதிப் பாதிக்குக் காரைத்தான் குறை சொல்வார்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற சின்ன பல்பை, இரண்டு பக்கமும் ஒயர் தொங்க, டாக்டர் குழாய் மாதிரி எப்போதும் கழுத்தில் மாட்டியிருப்பார். கல்யாணப் பந்தியிலும் அது உண்டு. ஒருமுறை ரசத்துக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு மோருக்குக் கை நீட்டினார்.

புதுப்புதுக் கார்கள் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்த காலம் அது. வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. என் தம்பி பாஸ்கருக்கும் சார்ஜாவில் வேலை கிடைத்தது. விஜயதசமி அன்று சாயங்காலம் திருச்சியில் விமானம். "இந்தப் பிளேன விட்டா வேலை வேற ஆளுக்குப் போயிரும்" என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

என்னிடம் இருந்ததோ பல கை மாறி வந்த பழைய அம்பாசிடர். முதல் நாள் ஆயுத பூஜைக்கு அதைக் குளிப்பாட்டி, ஹார்ன், பேட்டரி என்று ஒன்று விடாமல் பல்பு அண்ணனே சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். எங்கள் மகமாயி மேல் பாரத்தைப் போட்டேன். கொஞ்சம் பாரத்தை அண்ணன் மேலும் போட்டு, அவரையும் ஏற்றிக்கொண்டேன்.

பாபநாசம் தாண்டியதும் கார் இருமியது. அப்புறம் நின்றது.

"யாரும் பேசப்படாது" என்று பானெட்டைத் திறந்தார் அண்ணன். ஒயரில் வைத்ததும் பல்பு எரிந்தது. ஸ்பார்க்கும் நீலமாகத் தெறித்தது. "கரண்ட்டு நல்லாருக்கு. வெயிலுக்குப் பம்ப்புக்குத்தான் ஜுரம்."

என் மேல்துண்டை உருவி, வாய்க்காலில் நனைத்துப் பெட்ரோல் பம்ப் மேல் போட்டார். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பிவிட்டது. பாஸ்கர் கைதட்டினான். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அய்யம்பேட்டையில் மறுபடியும் நின்றது. அண்ணனின் கண் இப்போது பின் சீட்டில் இருந்த என் மனைவி கமலாவின் சேலைத் தலைப்புக்குப் போனது.

"அண்ணே, இதுல கை வச்சீங்க, நான் பஸ்ஸுல வீட்டுக்குப் போயிருவேன்."

அண்ணன் பம்ப்பிலிருந்து இன்ஜினுக்குப் போகிற குழாயைக் கழற்றி, என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒரு சொட்டுப் பெட்ரோல் வரவில்லை. பாஸ்கர் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் லாரியில ஏறிடவாண்ணே?" என்று என்னைப் பார்த்தான். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு மகமாயியைக் கூப்பிட்டேன்.

அண்ணன் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. சின்னப் பிள்ளைபோல் குதித்தார்.

"பம்ப்பு பாவம், நல்லாத்தான் இருக்கு. மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருக்கு தம்பி. உள்ள காத்து போனாத்தானே பெட்ரோல் வெளிய வரும்? எந்தக் கூறுகெட்டவன் இதுல சந்தனத்த அப்புனது?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கமலாதான் மெதுவாகச் சொன்னாள்: "நீங்கதாண்ணே. நேத்து பூஜைக்கு."

பல்பு அண்ணன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊக்கு இருக்கா தங்கச்சி?" என்றார் கடைசியில். தாலிக்கொடியில் மாட்டியிருந்ததைக் கமலா கழற்றிக் கொடுத்தாள். ஓட்டையைக் குத்தினார், ஊதினார், மூடினார். அதற்கப்புறம் வண்டி திருச்சியில்தான் நின்றது. பாஸ்கர் எங்கள் காலில் விழுந்துவிட்டு அண்ணனைத் தேடினான். அவர் காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அந்த மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது வீட்டில் புதுக் கார். ஆயுத பூஜை அன்று பாஸ்கர் போனில் முதலில் கேட்பது, "மூடிக்கு வைக்கலையேண்ணே?" என்பதுதான்.

வைப்பதில்லை. மூடிக்கு உண்டான சந்தனத்தைப் பல்பு அண்ணனின் நெற்றியில் வைக்கிறேன். அவரும் கழுத்து பல்பை ஒதுக்கிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே குனிந்து கொடுக்கிறார்.