டைட்டிலும் கதாநாயகன் கழுத்தும்

இந்த உலகத்தில் ஒரு சினிமாவை முழுசாகப் பார்த்த ஆள் ஒருத்தன்தான். அவன் புதுவாயலில், எங்கள் தெருவில் இருக்கிறான். நாமெல்லாம் வில்லன் விழுந்ததும் செருப்பைத் தேடுகிற கூட்டம். அவனுக்கோ படமே அதற்கப்புறம்தான் ஆரம்பம். பேர் பேராகத் திரையில் மேலே ஏறுமே, அதைக் கடைசி வரிவரை உரக்கப் படித்த பிறகுதான் எழுந்திருப்பான். லைட் போட்டாலும் சரி, காலடியில் வந்து பெருக்கினாலும் சரி. அதனால் அவன் பெயரே டைட்டில். தனசேகர் என்று கூப்பிட்டால் பெற்றவளே யாரது என்று எட்டிப் பார்ப்பாள்.

முப்பது வயது. தேர்வாய் கண்டிகையில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. சின்ன வயதிலேயே திருவள்ளூர் டாக்டர் அவனுக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாது. என் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு ஜாஸ்தி, நேற்றும் ஜாஸ்தி என்பான். என் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும், அதை விடுங்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. தியேட்டரில் அவன் பக்கத்தில்தான் உட்காருவேன். சோறாக்கியது யார், வண்டி ஓட்டியது யார், எல்லாம் படித்துக் காட்டுவான். அந்த வரிசையில் தன் பேரும் ஒருநாள் ஏற வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

அப்படியிருக்க, எங்கள் தெருவுக்கே ஷூட்டிங் வந்தது. கதாநாயகனுக்கு ஆட்டிசம் என்று கதையாம். டைட்டிலின் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கதாநாயகனுக்குக் கூட்டாளியாக இவன் வரட்டுமே என்று கேட்டாள். டைரக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"பார்த்தா அந்த மாதிரியே தெரியலையேம்மா."

ஆட்டிசம் இருக்கிறவனுக்கே அந்த வேஷம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கதாநாயகனுக்குப் பிரமாதமாகப் பொருந்தியது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், விரலை முறுக்குவார், வானத்தைப் பார்த்துக்கொண்டே மலை மாதிரிக் கணக்குக்கெல்லாம் விடை சொல்வார். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று காலையிலிருந்து அந்தக் கழுத்தையே பார்த்த டைட்டில், நேராக என்னிடம் ஓடி வந்தான். எங்கள் தெருவில் யாருக்குச் சுளுக்கினாலும் எண்ணெய் போட்டு நீவி எடுப்பது நான்தான்.

"ஆயா, அந்த அண்ணனுக்குக் கழுத்து புட்ச்சிகினு கீது. யாரும் இன்னான்னு கேக்க மாட்றாங்க. எண்ணெய எடுத்துகினு வா."

போனேன். கேமரா ஓடுவது எனக்கு எப்படித் தெரியும்? கயிற்றுக்கடியில் குனிந்து நுழைந்து, ஸ்டூலில் இருந்தவரின் தலையைப் பிடித்து, இரண்டு நீவு, ஒரு திருப்பு. சொடக் என்று சத்தம். அவர் போட்ட அலறலில் ஹைவேயில் போன லாரி பிரேக் அடித்தது.

டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கதாநாயகன்தான் பொறுமையாக, சுளுக்கெல்லாம் இல்லை பாட்டி, ஆட்டிசம் இருக்கிறவராக நடிக்கிறேன் என்றார்.

"அது இவனுக்குத்தான் கீது நைனா. இவன் கழுத்து நேராத்தானே நிக்குது?"

அவர் டைட்டிலைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சாயங்காலம் வரை அவனோடு உட்கார்ந்து டீ குடித்தார். மறுநாள் ஷூட்டிங்கில் கழுத்து நேரானது, கணக்கும் காணாமல் போனது. ஷூட்டிங் முடிந்து கிளம்பும்போது டைட்டில் அவரை மறித்துக்கொண்டு, டைட்டிலில் என் பேர் வருமா என்று கேட்டான். வரும் என்றார்.

அது சினிமாக்காரர் போகிற போக்கில் சொன்ன வார்த்தை. இவனுக்கோ வரும் என்றால் வந்தாக வேண்டும். தினமும் காலையில் வாசலில் வந்து, வரும் இல்ல ஆயா என்பான். வரும்டா என்பேன். உள்ளே போய் சாமி படத்தைப் பார்த்து நிற்பேன்.

படம் கும்மிடிப்பூண்டிக்கு வந்தது. தெருவே போனோம். கதையை என்னிடம் கேட்காதீர்கள், முடிவுக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேர்கள் ஏற ஆரம்பித்தன. ஜனம் எழுந்து போனது, எங்கள் தெரு மட்டும் அசையவில்லை. டைட்டில் படித்துக்கொண்டே போனான். சோறாக்கியவர், லைட் பிடித்தவர், ஜெனரேட்டர் பார்த்தவர். அவன் அம்மா என் விரலை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"நன்றி, தனசேகர், புதுவாயல்."

அதே குரலில் படித்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டான்.

தெரு எழுந்து விசில் அடித்தது. நான் அவனைக் கட்டிக்கொள்ளப் போனேன். கையை விலக்கிவிட்டான்.

"குந்து ஆயா. இன்னும் முடியல. மிச்சம் கீறவங்களும் வேலை செஞ்சவங்கதான்."

குந்தினேன். அப்புறம் ஏறின ஒவ்வொரு பேருக்கும் கை தட்டினேன். எனக்கு எல்லாம் அவன் பேராகவே கேட்டது.