பூட்டுக்குத் தரம் வகுப்பவர்

கணினிக்குப் பூட்டுப் போடுபவர் வேறு. அந்தப் பூட்டு எப்படி இருக்கவேண்டும் என்று கூட்டம் போடுபவர் வேறு. நான் சொல்ல வந்தது இரண்டாமவரைப் பற்றி. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஏற்றுமதி அலுவலகங்களில் இந்த இனத்தைத் தாராளமாகக் காணலாம். எனக்குத் தெரிந்தவர் பாக்கியரத்தினம்.

கடவுச்சொல்லை இவர் நம்பமாட்டார். மனிதரையும் நம்பமாட்டார். கணினிக்குள் பதித்திருக்கும் பாதுகாப்புச் சிப்பை மட்டுமே நம்புவார். எல்லா அலுவலகங்களிலும் ஒரே வகைச் சிப் இருக்கவேண்டும் என்று சங்கம் அமைத்து, சங்கத்துக்குள் குழு அமைத்து, 'நம்பகமான கணினி' என்றால் என்ன என்று மூன்று வருடமாக வரைவிலக்கணம் எழுதினார். ஒவ்வொரு கம்பனியும் தன்னிடம் இருப்பதே தரம் என்று அடம்பிடித்தது. கூட்டத்துக்கு வாங்கிய பற்றிஸ் பலகாரம் தீர்ந்துபோன ஒரு பின்னேரம், ஒருவழியாக எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

தரம் அமுலுக்கு வந்த அன்றே, சிப் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க, அலுவலகக் கணினியின் பெட்டியைத் தன் கையாலேயே கழற்றினார். பெட்டியை யார் கழற்றினாலும் கணினி தானாகப் பூட்டிக்கொள்ளவேண்டும் என்பது அவரே எழுதிய விதி. பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கும் இலக்கம் மூன்று துண்டாக, மூன்று உறுப்பினர்களிடம், ஒட்டிய உறைகளில் இருக்கிறது. உறைகளைக் கூட்டத்தில்தான் பிரிக்கலாம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் வேண்டும். இதையெல்லாம் வேறு யார் எழுதுவார்?

அந்த நேரம் பார்த்து வந்து நின்றார் மூதூர் நஸ்ரி. அவருடைய முதல் ஏற்றுமதி. வெளியே லொறியில் இருநூறு கிலோ இறால். அதற்கான ஏற்றுமதிப் பத்திரமோ பூட்டிய கணினிக்குள்.

"சேர், கடுதாசி இல்லாட்டி கொழும்புல இறால எடுக்கமாட்டாங்க. ஐஸ் கரையுது. ஏதும் செய்யுங்கோ."

"ஏலாது தம்பி. என்னாலயே திறக்க ஏலாது. பாத்தீங்களே, எவ்வளவு பாதுகாப்பு!"

"அப்ப என்ட இறால்?"

"அது எங்கட தரத்துக்குள்ள வராது."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நஸ்ரி லொறியைத் திருப்பினார். மறுநாள் இருநூறு கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தார்.

ஏழு நாளின் பின் கூட்டம் கூடியது. 'ஊடுருவல்: இல்லை. இழப்பு: இல்லை' என்ற அறிக்கை ஏகமனதாக நிறைவேறியது.

வாசகரே, உங்களை ஒன்று கேட்கிறேன். இதை வாசித்தபோது நஸ்ரியை நினைத்து மனம் கனத்ததா, அல்லது அந்த விதிகளை இன்னும் கொஞ்சம் திருத்தமாக எழுதியிருக்கலாமே என்று கை துருதுருத்ததா? இரண்டாவது என்றால் வெட்கப்படவேண்டாம். குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.