ரேடியேட்டரில் ஊற்றிய நீர்மோர்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அந்த மூன்றாம் வகுப்பையும் இரண்டு தடவை படித்தவன். வத்தலக்குண்டில் ஓடுகிற என் ஆறு பஸ்களையும், பட்டறையையும், பெரும்பாறையில் நாலு ஏக்கர் காப்பித் தோட்டத்தையும், மாடி வைத்த வீட்டையும் எவன் தயவும் இல்லாமல் இந்தக் கையால் உண்டாக்கினேன். பட்டறைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பாறை வந்தது. அந்தப் பாறையை உடைத்து அதையே சுவராக ஏற்றினேன். (அது கொத்தனார் சொன்ன யோசனை என்பார்கள். கொத்தனாரைக் கூட்டி வந்தது யார்?) இப்பேர்ப்பட்ட நான், ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில், கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு நல்ல காரைச் சமைத்துவிட்டேன். சமைத்தேன் என்றால் நிஜமாகவே சமைத்தேன். தாளிதத்தோடு.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தைந்து வயது. மலையை விட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால், நடந்து போகிறவர்களின் வணக்கத்துக்குத் தலையைக்கூட ஆட்ட மாட்டேன்.

பூம்பாறைப் பூண்டை வாங்கி வத்தலக்குண்டில் வியாபாரம் செய்த சுப்பையா மாமா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவர் மகள் செல்லத்தை எனக்குக் கேட்டிருந்தோம். "டிரைவருக்கா?" என்று இழுத்தார் மாமா. அவர் மனைவி பேச்சியம்மா அத்தைதான் ஒரு வழி சொன்னார். மலைமேல் வில்பட்டியில் அவர்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. "குடும்பத்தோட அவன் வண்டிலயே போவோம். ஆளைப் பாத்த மாதிரியும் ஆச்சு."

ஆக, அந்தப் பயணம்தான் எனக்குப் பரீட்சை.

"வெள்ளனே வந்துருப்பா. வெயிலுக்கு முன்னாடி மலை ஏறிரணும்" என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார் அத்தை. நான் போய் நின்றபோது மணி பதினொன்று. விடிந்ததிலிருந்து காருக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு மினுமினுப்பு! (இரண்டு தெரு தாண்டுவதற்குள் ஊர்ப் புழுதியெல்லாம் அதில் அப்பிக்கொண்டது.)

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்திருந்தேன். டிக்கியில் எப்போதும் கிடக்கும் இரண்டு தண்ணீர் டின், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டை, மாற்றுச் சக்கரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டேன். வண்டி லேசாக இருந்தால் மலையில் வெரசாக ஏறும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மலையடிவாரத்தில் பஸ்களெல்லாம் புளியமர நிழலில் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தன. பஸ் டிரைவர் காதர் அண்ணன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"ஏலே சந்தானம், தண்ணி பாத்தியா? வெயிலு மண்டையப் பொளக்குது."

"நம்ம வண்டி பெட்ரோல் மட்டுந்தாண்ணே குடிக்கும்!"

சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். செல்லம் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பேச்சுக்குச் சிரிக்கிறாள் என்று இன்னும் கொஞ்சம் வேகமாக மிதித்தேன். காதர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டதற்குத்தான் சிரித்தாளாம்.

எட்டாவது வளைவோ பத்தாவது வளைவோ, முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. எஞ்சின் இரண்டு தரம் விக்கி நின்றது. வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். அத்தை கதவைத் திறந்து குதித்து, ஒரு பாறாங்கல்லை உருட்டிப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"கட்டை எங்கலே?"

"வீட்ல இருக்கு அத்தை."

"தண்ணி?"

"அதுவும் கட்டை கூடத்தான் இருக்கு."

"ஏன், ரெண்டுக்கும் வளைகாப்புக்கு அழைப்பு வரலையாக்கும்?"

இந்த அவமானத்தைத் துடைக்க அவசரப்பட்டேன். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். துண்டைச் சுற்றித் திறந்தேன். புஸ்ஸென்ற சத்தத்தில் மூடியும் துண்டும் மரத்துக்கு மேலே போயின. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமா உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்தார். கடவுள் புண்ணியம், யார் மேலும் படவில்லை.

மூடியைத் தேடி எடுத்தேன். இனி ஊற்றத் தண்ணீர் வேண்டும். அப்போதுதான் அத்தை வழிக்குக் கொண்டு வந்த பெரிய தூக்குவாளி என் கண்ணில் பட்டது. நீர்மோர்.

"ஏலே, அது மோருடா! தாளிச்சது!"

"மோருன்னா என்ன அத்தை, வெளுத்த தண்ணிதானே. உடம்புக்கே குளிர்ச்சி, எஞ்சினுக்கு இருக்காதா?"

முழுவாளியையும் கவிழ்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வண்டி கிளம்பியது! மாமா முகத்தில்கூட ஒரு மரியாதை தெரிந்தது. அந்த மரியாதை இரண்டு வளைவு வரைக்கும் இருந்தது. மூன்றாவதில் முதலில் வாசனை வந்தது. அப்புறம் ஆவி. அப்புறம் திரிந்த மோர் கட்டி கட்டியாகப் பொங்கி வழிந்தது. முன்கண்ணாடியில் ஒரு கறிவேப்பிலை வந்து, என் முகத்துக்கு நேராக ஒட்டிக்கொண்டது.

பின்னாலேயே காதர் அண்ணனின் பஸ் வந்து நின்றது. பஸ்ஸே இறங்கி மோப்பம் பிடித்தது. "யாரு தாயி, நடுரோட்டுல மோர்க்குழம்பு வைக்கிறது?" என்றார் ஒரு கிழவர். காதர் அண்ணன் ரேடியேட்டருக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த மகராசன் இதுல மோர ஊத்துனது?"

மாமா என்னைப் பார்த்தார். வெயிலைச் சொல்லலாம், வண்டியை விற்ற துரையைச் சொல்லலாம் என்று நாலைந்து பொய்கள் நாக்கு நுனியில் நின்றன. ஆனால் செல்லமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாண்ணே. தண்ணிய வீட்ல இறக்கி வச்சதும் நான்தான்."

மூன்று பேரும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். காலி வாளியோடு ஒரு மைல் தள்ளி இருந்த ஓடைக்கு நடந்து நடந்து, ரேடியேட்டரிலிருந்து கடுகைக் கழுவிக்கொண்டே இருந்தேன். சம்பந்தம் போச்சு என்று எனக்கே தெரிந்துவிட்டது. கடுகு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள், வண்டியை விட்டிருந்த ஊர்ப் பட்டறையில் என்னைப் பிடித்தார் காதர் அண்ணன். பஸ்ஸில் அவர் சீட்டுக்குப் பின்னால்தான் பஞ்சாயத்து நடந்ததாம்.

"உன் மாமா, 'இந்தப் பயலுக்கா பொண்ணு? பிள்ளைய நடுக்காட்டுல நிறுத்திருவான்'னு ஒரே குதி. ஒங்க அத்தை, 'ஒளிக்காம ஒத்துக்கிட்டானே'ங்குது. கடைசில அந்தப் பிள்ளையவே கேட்டுட்டாக."

"என்னண்ணே சொல்லுச்சு?"

"'அவுக வண்டில ஏறுறன்னைக்குத் தண்ணிய நானே எடுத்துக்கிறேம்மா'ன்னுச்சு. போலே மாப்ளே, போயி வண்டியக் கழுவு!"

ஆவணியில் கல்யாணம். அன்றைக்கு எடுத்த தண்ணீரை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. கோடை வந்தால் விடியலில் ஆறு பஸ்ஸிலும் தண்ணீர், கட்டை, டயர் மூன்றையும் அவள் பார்த்த பிறகுதான் வண்டி எடுக்க வேண்டும். முதலாளி நான் ஓட்டினாலும் அதே சட்டம். வீட்டில் மோர்க்குழம்பு வைத்தால், "இது அடுப்புல வச்சதா, மலையில வச்சதா?" என்று கேட்காமல் ஒரு பயல் இலையில் உட்கார மாட்டான்.

போன வருஷம் அடிவாரத்தில் வண்டிகளுக்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினோம். கல்லில் 'செல்லம்மாள் உபயம்' என்று வெட்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதில்லையா? அன்றைக்கு நான் மோரை ஊற்றாமல் இருந்திருந்தால் அவளுக்குத் தண்ணீர் நினைப்பு எங்கிருந்து வந்திருக்கும்? கல்லில் கீழே இன்னும் இடம் கிடக்கிறது, நானே அளந்து பார்த்தேன். 'மோர் உபயம்: சந்தானம்' என்று ஒரு வரி வெட்டியே ஆக வேண்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.