அறை காலி, வேலை வெற்றி

தோல்வியை ஒப்புக்கொள்ளாத அதிகாரி ஒருவர் இருந்தாலே ஒரு அலுவலகம் தாங்காது. நானோ ஒரு மெஷினையே அப்படிப் பழக்கிவிட்டவன்.

எண்பதுகளில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டை மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஒருவர் பழைய அறையைக் காலி செய்ததாகப் பதிய வேண்டும். உடனே புது வீட்டை அவர் பெயரில் எழுத வேண்டும். நடுவில் வேலை செத்து விழுந்தால் (நாங்கள் 'அபெண்ட்' என்போம்) பாதி செய்ததையும் அழித்து, எதுவுமே நடக்காதது போலப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். போவன்பள்ளி மார்க்கெட்டில் வாங்கி நறுக்கிய கத்திரிக்காய், குழம்பு தீய்ந்ததும் முழுக் காயாகக் கூடைக்குத் திரும்புகிற மாதிரி. அடுப்படியில் நடக்காது, மெஷினில் நடக்கும்.

என் மேலதிகாரி வரதன் சாருக்குக் கவலை வேறு.

"அபெண்ட்னு ஸ்க்ரீன்ல வந்தா டைரக்டர் பயந்துடுவாருப்பா. நல்ல வார்த்தையா ஏதாவது வர மாதிரி பண்ணு."

பண்ணினேன். எந்த வேலை விழுந்தாலும் என் ப்ரோக்ராம் தாங்கிப் பிடித்து, 'வெற்றிகரமாக முடிந்தது' என்று காட்டும். பாதி வேலையை அழிக்கும் பகுதியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். (நான் எழுதியது எங்கே விழப்போகிறது என்ற திமிர்தான்.)

டைரக்டருக்குச் செய்துகாட்டும் நாள் வந்தது. மறுநாள் காலை என் புது மனைவி சரோஜா, பாத்திரம் பண்டங்களோடும் அப்பாவோடும் செகந்திராபாத்தில் வந்து இறங்குகிறாள். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வீடு என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அதனால் சோதனைக் கணக்கெல்லாம் வேண்டாம், என் பெயரிலேயே நிஜமாகக் காட்டுகிறேன் என்று மார்தட்டினேன். நான் தங்கியிருந்த ஹாஸ்டல் அறை காலி என்று பதிவானது. வீடுகள் இருந்த ஃபைலை யாரும் திறந்துவைத்திருக்கவில்லை. (அந்த 'யாரும்' நான்தான்.) வேலை நடுவிலேயே விழுந்தது. திரை வெற்றி என்றது. டைரக்டர் கை குலுக்கினார். "இந்த மெஷின் சொன்னா அதான் சார் கடைசி வார்த்தை" என்றேன், வீடு, அறைச் சாவிகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் குமாஸ்தா கரீம் பாய் காதுபடவே.

சமோசா தின்றுவிட்டு ஹாஸ்டலுக்குப் போனால், என் டிரங்குப் பெட்டி வராந்தாவில் நின்றது. கதவில் புதுப் பூட்டு. (அரசாங்க வேலை மந்தம் என்பவர்கள், காலி செய்யும் வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம்.) எஸ்டேட் பிரிவுக்கு ஓடினேன். கரீம் பாய் ரயில்வே காலனியில் வளர்ந்தவர், தமிழ் வரும்.

"உங்க பேர்ல வீடு இல்ல சாப்."

"அப்ப ரூமையாவது திருப்பிக் குடுங்க பாய்."

"நக்கோ சாப், முடியாது. காலின்னு மெஷின் சொல்லிடுச்சு. கடைசி வார்த்தைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மெஷின் தப்பு பாய்."

"ஹவ், ஆமா சாப், அதையே டைரக்டர் சாபுக்கு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தால் வரதன் சார் என்னை உயிரோடு விடமாட்டார். மறுநாள் வந்திறங்கிய மனைவியையும் மாமனாரையும் வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் பிரிவுக்கே கூட்டிப்போனேன். ராத்திரியே அங்கே தூக்கிவந்திருந்த என் டிரங்குப் பெட்டிமேல் சரோஜா உட்கார்ந்தாள்.

"ஏங்க, வீடு எங்க?"

மாமனார் ஏசி காற்றில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வீடு ரொம்ப ஜில்லுனு இருக்கு மாப்பிள்ளை."

அவமானத்தில் எனக்கு அழுகையே வந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, விட்டுப்போன அந்தப் பகுதியை எழுதி, பாதி வேலையை அழித்து, வீட்டு ஃபைலையும் திறந்துவைத்து, மறுபடி ஓட்டினேன். சாயங்காலம் சாவி கிடைத்தது. டைரக்டரின் பாராட்டு வரதன் சாருக்குக் கிடைத்தது.

ஓய்வு பெற்று அல்வாலில் சொந்த வீட்டுக்குப் போனபோது, லாரி கிளம்பிய பிறகும் சரோஜா குவார்ட்டர்ஸ் சாவியைத் தரவில்லை. புது வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று மகன் போன் செய்யும்வரை வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். சாவி வாங்க வந்தவரிடம் சொன்னாள்: "சார் முடிஞ்சுதுன்னு சொன்னாரா? அப்ப இன்னும் பாதி இருக்கு தம்பி."

அந்தச் சந்தேகம் பேரப்பிள்ளைகள்வரை இறங்கிவிட்டது. நான் சாப்பிட்டு முடித்தேன் என்றால், தட்டை எட்டிப் பார்க்கிறார்கள்.