உன்ர மனுசன் தந்த முருகைக்கல்

பென்டில் ஹில், சிட்னி
ஆவணி 2011

அன்புள்ள தங்கை பிரியந்தினிக்கு,

முறிகண்டிப் பிள்ளையார் துணையால் இங்கு நான், உன் அத்தான், மகள் தர்ஷனா மூவரும் சுகம். அங்கு மல்கிரேவில் நீயும் உன் கணவர் உமாசுதனும் குளிருக்குத் தப்பிச் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். உங்கள் வீட்டுப் போனை எப்போதும் உன் கணவர்தான் எடுக்கிறார். விஷயமோ அவரைப் பற்றியது.

அத்தானுக்கு உப்புத்தண்ணி மீன்தொட்டிப் பைத்தியம் எண்டு உனக்குத் தெரியும். மீனை விட அவருக்கு அதுக்குள்ள வைக்கிற முருகைக்கல்லு, அந்த உயிருள்ள பவளக்கல்லுத்தான் உயிர். அதில இரண்டு சாதியாம். ஒண்டு கடலிலயிருந்து எடுத்தது, மற்றது ஆக்கள் வீட்டுத் தொட்டியில துண்டு வெட்டி வைச்சு வளர்த்தது. கடலில கிடக்கிறதைக் கடலில விடுங்கோ, வளர்த்ததை வாங்குங்கோ எண்டு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான். சொன்னதோட நில்லாமல், வெஸ்ட்மீட்டில என்னோட வேலை செய்யிற மீனாம்பாள் அன்ரியின்ர தொட்டியில வளர்ந்த பச்சை முருகை ஒண்டை, அது ஒட்டியிருந்த கல்லோட நானே மடியில வைச்சுக் கொண்டந்தன். சீலை முழுக்க உப்புத்தண்ணி. அந்தக் கிழமை பார்த்துத்தான் உன்ர மனுசன் வந்தவர். "மச்சாள், தொட்டியில வளர்ந்தது பிறொயிலர் கோழி மாதிரி. கடல் கண்டதுதான் முருகை" எண்டு சொல்லி, குயின்ஸ்லாந்துக் கடலில எடுத்ததெண்டு தோடம்பழம் மாதிரிச் செம்மஞ்சள் நிறத்தில ஒண்டை வாங்கிக் குடுத்திட்டுப் போனார். அத்தான் அதைப் பார்த்த மாதிரி, எங்கட கலியாணத்தில என்னைக் கூடப் பார்க்கேல்லை.

அதுக்குப் பிறகுதான் தொடங்கினது. டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். நான் பிரிட்ஜ் எண்டு நினைச்சன். அத்தான் "உம்மட முழங்கால்தான் சந்திரா" எண்டிட்டார். நானும் நம்பி எண்ணெய் பூசிக்கொண்டு திரிஞ்சன். பிறகு மீன் ஒவ்வொண்டாக் காணாமப் போகத் தொடங்கிச்சுது. ஒருநாள் நான் வைச்ச குழம்பை மணந்து பார்த்திட்டு, "இது என்ன மீன்?" எண்டு கேட்டார். விளைமீன் எண்டன். "நிச்சயமா?" எண்டார். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தின மனுசன் கேக்கிற கேள்வியே? குசினிப் பக்கமே நான் போகேல்லை. பாணும் சம்பலுமாக் கிடந்தார்.

போன ஞாயிறு தர்ஷனாவைப் பொம்பிளை பார்க்க அருந்தவனும் தாய் வேதவல்லியும் வந்தவை. முதல் வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது உனக்குத் தெரியும். பெடியன் நல்ல பெடியன், ஆனால் வந்த நேரந்தொட்டு நிலத்தைத்தான் பார்க்கிறான். எங்கட பிள்ளை போனைப் பார்க்கிறாள். வேதவல்லி தொட்டிக்குப் பக்கத்துச் செற்றியில இருந்து றோல்ஸைக் கையில எடுக்க, டக். "என்ன சத்தம்?" எண்டா. அத்தான் உடன, "அது சந்திராவின்ர முழங்கால்" எண்டார். வேதவல்லி என்ர காலைப் பார்த்திட்டு, பிள்ளையின்ர காலையும் பார்த்திட்டு, "பரம்பரை வருத்தமோ?" எண்டு கேட்டா!

நான் வாய் திறக்க முதல் இன்னொரு டக். தொட்டிக் கண்ணாடியில நீளமா ஒரு வெடிப்பு. சீறிக்கொண்டு வந்த தண்ணி நேரா அவவின்ர பட்டுச்சீலையில. நான் றோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு கத்துறன், அத்தான் மார்க்கண்டேயர் சிவலிங்கத்தைக் கட்டிப்பிடிச்ச மாதிரித் தொட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு "என்ர முருகை, என்ர முருகை" எண்டு குழறுறார். அருந்தவன்தான் சேட்டுக்கையை மடிச்சுவிட்டுக் கல்லுகளைத் தூக்கித் தூக்கி வாளிக்குள்ள வைச்சவன். எங்கயிருந்து பாய்ஞ்சுதோ தெரியாது, றால் மாதிரி, வர்ணவர்ணமா ஒண்டு, பொக்சிங்காரன் மாதிரிக் கையைச் சுருட்டி அவன்ர பெருவிரலில ஒரு குத்து! பெடியன் "ஐயோ அம்மா!" எண்டு கத்தினான், ரத்தம். தர்ஷனா போனை எறிஞ்சுபோட்டு ஓடிவந்து துவாயால விரலைச் சுத்தினாள்.

"ஆர் யூ ஓகே?"

"ஐ திங்க் ஸோ. அதுக்கு ஒண்டும் இல்லையே?"

அதுக்கு! குத்தினதுக்கு! பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறாள், அவனும் சிரிக்கிறான். இரண்டு பேரும் ஈர நிலத்தில சப்பாணி கட்டியிருந்து வாளிக்குள்ள அதைப் பார்த்துக் கதைச்சுக்கொண்டேயிருந்தினம். என்ர நைற்றியைப் போட்டுக்கொண்டு வந்த வேதவல்லி மூண்டாவது றோல்ஸைக் கடிச்சபடி, "இவன் இப்பிடிச் சிரிச்சு நான் கண்டு கனகாலம். எங்களுக்குச் சம்மதம்" எண்டா. நான் அழுதிட்டன் பிரியா.

ஆனாலும் நியாயம் நியாயம். டக் டக்கெண்டு கண்ணாடியைக் குத்தினதும் மீனைத் திண்டதும் அந்தக் கள்ளன்தான், கடலிலயிருந்து எடுத்த கல்லோடதான் வந்திருக்கிறான். உன்ர மனுசனாலதான் மீன் செத்தது, தொட்டி வெடிச்சது, என்ர முழங்கால் சபையேறினது. எனக்குப் புத்தி சொன்ன உமாசுதனுக்குச் சொல்லு, கலியாணத்துக்குக் கட்டாயம் வரவேணும், ஆனால் வெறுங்கையோட வரவேணும்.

இருவரும் நோய்நொடியின்றி, கால் நனையாமல் நீடு வாழ்க.

அன்பு அக்கா,
சந்திரகலா

பி.கு: கடிதத்தை ஒட்டுற நேரம், வெளியில கல்லுக் கழுவிக்கொண்டு நிண்ட அத்தான் கூப்பிட்டார். உன்ர மனுசன் தந்த கல்லில ஊசி நுழைய ஓட்டை இல்லை. நான் மடியில வைச்சுக் கொண்டந்த கல்லுக்கு அடியிலதான் பொந்து. பொந்து நிறைய மீன்முள்ளு. அத்தான் ஒரு முள்ளை எடுத்து என்ர கையில வைச்சிட்டுப் போனார், அதைத்தான் தாங்கேலாமக் கிடக்கு. திரும்ப எழுதக் கை உளையுது. ஆனபடியால் மேலே உன்ர மனுசனை ஏசின இடத்திலெல்லாம் என்ர பேரைப் போட்டு வாசி. வாசிச்சிட்டுக் கிழிச்சுப்போடு, அவரிட்டக் காட்டிப்போடாதை.